பிரிக்ஃபீல்ட்ஸில் எழுந்த கும்மி

கோலாலம்பூரில் குடியேறும் தமிழருக்குத் தமிழுக்குப் பஞ்சமில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்களில் பூமாலைக் கடையிலும் மளிகைக் கடையிலும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலும் நாள் முழுவதும் தமிழ் ஒலிக்கிறது. வானொலியைத் திருப்பினால் தமிழ் கேட்கிறது, நாளிதழும் தமிழில் வருகிறது. கணவரின் பணி மாற்றத்தால் பாளையங்கோட்டையிலிருந்து இங்கு வந்த எனக்கு, கடைவீதியில் பேரம் பேசவும் அக்கம்பக்கத்தாரோடு பழகவும் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. ஆனால் பேசிப் பழகும் தமிழ் வேறு, கடவுளிடம் முறையிடும் தமிழ் வேறு. அந்த இரண்டாவது தமிழை நான் பாட்டின் வழியாகக் கற்றவள். அதனால் இந்த ஊரில் நான் காலூன்றிய கதையைச் சொல்வதென்றால், வீட்டு வாடகையையும் விசா புதுப்பித்தலையும் விட, பாட்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் நடக்கும். தாத்தா புத்தகம் பார்க்காமல் ஒரு கீர்த்தனையின் பல்லவியை எடுப்பார், பெண்கள் அனுபல்லவியில் சேர்ந்துகொள்வார்கள், சரணங்களைப் பிள்ளைகள் மாறி மாறிப் பாட வேண்டும். ஜன்னல்கள் திறந்தே இருக்கும். அடுத்த வீட்டாரும் அதே நேரத்தில் வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார்கள் என்பதால் யாரும் யாருக்கும் இடைஞ்சலில்லை. இங்கே அடுக்குமாடி வீட்டில் சுவர்கள் மெலிந்தவை; ஒருபுறம் மலாய்க் குடும்பம், மறுபுறம் வயதான சீனத் தம்பதியர். இரவில் சத்தம் கூடாது என்பது குடியிருப்பின் விதி, அது நியாயமானதும்கூட. எனவே முதல் மாதங்களில் குரலைத் தாழ்த்தி, உதட்டளவில் பாடினோம். உரத்துப் பாடாத ஜெபம் எனக்குப் பாதி ஜெபமாகவே பட்டது. வாயாரப் பாட ஓர் இடம் வேண்டும் என்ற ஏக்கமே என்னை ஞாயிறுதோறும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இழுத்துச் சென்றது.

அந்த வட்டாரத்தில் சிறிது தூரம் நடந்தாலே சீயோன் லுத்தரன் ஆலயத்தையும் பாத்திமா அன்னை ஆலயத்தையும் பார்த்துவிடலாம். கந்தசுவாமி கோவிலும் பௌத்த மகா விகாரையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. நகரின் வேறொரு பக்கத்தில், புடு வட்டாரத்தில், தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1910ஆம் ஆண்டில் எழுந்த புனித அந்தோணியார் ஆலயம் இருக்கிறது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்தும், ரப்பர்த் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் உருவாக்கிய சபைகள் இந்நகரில் பல. அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் இருந்திருக்கும் என்பதற்கு, இன்றும் அந்தச் சபைகளில் பாடப்படும் பாடல்களே சாட்சி. 1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியபின் தொடங்கிய ஒரு மரபு, தஞ்சாவூர் வழியாகவும் திருநெல்வேலி வழியாகவும் கடல் கடந்து இங்கு வந்திருக்கிறது. ஜெர்மானிய மெட்டுகளில் பாடப்படும் ஞானப்பாட்டுகளும், ராகமும் தாளமும் அமைந்த கீர்த்தனைகளும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து வரும்போது, அந்த நீண்ட பயணம் முழுவதும் காதில் விழுவதுபோல் எனக்குத் தோன்றும்.

நான் சேர்ந்த சபையில் அந்தப் பாட்டுகளைச் சுமந்துகொண்டிருப்பவர்களில் முக்கியமானவர் கண்பார்வையற்ற ஒரு முதியவர். பார்வையற்றோருக்கான மலேசியச் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே அமைந்திருப்பதால், அங்கு வெள்ளைக்கோலோடு நடப்பவர்களைக் காண்பது அன்றாடக் காட்சி. அவரும் அப்படித்தான் நடைபாதையின் புடைத்த வழித்தடத்தைக் கோலால் தட்டிக்கொண்டு வந்து, ஆர்மோனியத்துக்கு அருகிலுள்ள இருக்கையில் அமர்வார். எந்தக் கீர்த்தனையைச் சொன்னாலும் அதன் எல்லாச் சரணங்களையும் மனப்பாடமாகப் பாடுவார். நேரமில்லை என்று நடுச் சரணங்களை விட்டுவிட்டுக் கடைசிச் சரணத்துக்குத் தாவும் வழக்கம் அவருக்குப் பிடிக்காது. "நடுவுல இருக்கிற சரணத்துலதாம்மா பாட்டுக்காரரு அழுதிருப்பாரு, அத விட்டுட்டுப் போனா எப்படி?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். இதைவிடச் சரியாகக் கீர்த்தனையை விளக்கியவர் யாரையும் நான் அறியேன். வேண்டுதலும் தவிப்பும் நடுவில்தான் இருக்கின்றன. கடைசிச் சரணம் பெரும்பாலும் நன்றி சொல்லி முடித்துவிடும்.

ஆனால் அவருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் இளையோரில் பாதிப் பேர் மலாய் மொழியில் பாடம் நடக்கும் தேசியப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், தமிழ் எழுத்து தெரியாது. அவர்களுக்காகத் திரையில் பாட்டின் வரிகள் ரோமன் எழுத்தில் ஓடும். இதைக் குறை சொல்லும் பெரியவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன், ஏனெனில் அந்த எழுத்தாவது இல்லையென்றால் அவர்கள் வாயில் பாட்டே இருக்காது. என் வருத்தம் வேறு. மெட்டு அவர்களுக்குள் இறங்கியிருக்கிறது, பொருள் இறங்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு செய்யுள் வரியைப் பிரித்துச் சொல்ல யாரும் இல்லாதபோது, அது அழகான ஓசையாக மட்டும் நின்றுவிடுகிறது. இதற்காகவே வெள்ளிக்கிழமை மாலைகளில் சிலர் கூடி, பாட்டுகளை முதலில் படிப்பது, பிறகு பாடுவது என்று ஒரு சிறு வகுப்பைத் தொடங்கினோம்.

முதலில் எடுத்தது பெத்லகேம் குறவஞ்சி. அதை இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் பிறந்து, ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியோடு உடன் பயின்று, தஞ்சாவூரில் வாழ்ந்தவர். குறவஞ்சி என்பது அக்காலத் தமிழ்நாட்டில் கோவில்களிலும் அரசவைகளிலும் எல்லோரும் விரும்பிப் பார்த்த நாடக வடிவம். தலைவன் உலா வருவான்; அவனைக் கண்ட தலைவி காதலில் வாடுவாள்; குறத்தி வந்து தன் மலைவளம் பாடிக் கை பார்த்துக் குறி சொல்வாள்; அவளைத் தேடிக்கொண்டு, பறவை பிடிக்கும் அவள் கணவன் சிங்கன் வருவான். சாஸ்திரியார் இந்த அமைப்பு எதையும் ஒதுக்கவில்லை. உலா வருபவர் கிறிஸ்து. அவருக்காக ஏங்கும் தலைவி தேவமோகினி என்னும் சீயோன் குமாரத்தி. குறி சொல்ல வருபவள் விசுவாசம் என்னும் சிங்கி. பறவை பிடிப்பதைக்கூட அவர் விடவில்லை. ஆத்துமாக்களைச் சேர்க்கும் ஊழியமாக அது மாறுகிறது. தம்மைச் சுற்றியிருந்தவர்கள் எந்தப் பாட்டைக் கேட்டுக் கைதட்டினார்களோ, அந்தப் பாட்டிலேயே அவர் தம் ஆண்டவரைப் பாடினார். என்னைப் பொறுத்தவரை அவருடைய விசுவாசத்தின் துணிவு இங்கேதான் தெரிகிறது.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது கல்லூரி மாணவி ஒருத்தி, குறத்தியை நான் பார்த்ததே இல்லையே அக்கா, எனக்கு இது எப்படிப் புரியும் என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொன்னது நானல்ல, அவளுடைய பாட்டி. பேத்தியை அழைத்துப்போக வந்து கடைசி வரிசையில் காத்திருந்தவர், சிறுவயதில் தாம் வாழ்ந்த தோட்டத்தில் கிறிஸ்துமஸ் இரவன்று லயம் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளின் பெண்கள், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் கூடிக் கும்மியடித்ததைச் சொல்லத் தொடங்கினார். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகிற பெண்கள், அந்த ஓரிரவில் அதே விளக்குகளை நடுவில் வைத்துவிட்டுச் சுற்றிவந்து பாடுவார்களாம். இந்துப் பெண்களும் சேர்ந்துகொள்வார்களாம், கும்மி எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார். பாட்டின் வரிகள் சில அவருக்கு மறந்துவிட்டன. அடி மட்டும் மறக்கவில்லை. நாற்காலியைவிட்டு எழுந்து, கைதட்டி, குனிந்து நிமிர்ந்து ஆடிக்காட்டினார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, வீடமைப்புத் திட்டமாகிவிட்டது.

அன்றிலிருந்து வகுப்பின் போக்கு மாறியது. பழைய பாட்டைப் புரிந்துகொள்வதோடு நிற்காமல், சாஸ்திரியார் செய்ததை நாமும் செய்ய வேண்டாமா என்ற கேள்வி வந்தது. தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரின் வடிவத்தை எடுத்தார் என்றால், கோலாலம்பூர்க்காரர்கள் எதை எடுப்பது? பாட்டி ஆடிக்காட்டிய கும்மியே கையில் இருந்தது. பிள்ளைகள் எழுதினார்கள், நான் சீர் பிரித்துச் சரிபார்த்தேன், முதியவர் தாளம் போட்டுப் பார்த்துத் தடுக்கிய இடங்களைச் சொன்னார். பல வாரங்கள் அடித்துத் திருத்தியபின் நின்ற முதல் கண்ணி இது:

பால்மரக் காட்டின் இருட்டினிலே – ஒரு
பச்சைக் குழந்தை அழுகுதடி;
கால்கடுக்கச் சனம் ஓடிவரும் – அந்தக்
கண்மணியைக் கையில் ஏந்திடவே!

இதில் மேய்ப்பர்கள் இல்லை, பனி இல்லை. வயல்வெளியில் மந்தை காத்தவர்களைப் போலவே, ஊர் உறங்கும் நேரத்தில் விழித்திருந்து உழைத்தவர்கள் இந்த நாட்டின் தோட்டத்து மக்கள். லூக்கா எழுதிய நற்செய்தியில் இரவு வேலையாட்களுக்கே முதலில் செய்தி சொல்லப்படுகிறது என்பதை, நான் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டதைவிட இந்தப் பிள்ளைகளின் கும்மியில் தெளிவாக உணர்ந்தேன்.

இயேசுவின் சிலுவை மரணத்தை நினைவுகூரும் பெரிய வெள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சபாவிலும் சரவாக்கிலும் அன்று பொது விடுமுறை. தீபகற்ப மலேசியாவில் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் ஊரே அடங்கிக் கிடக்கும் நாளில், இங்கே எல்ஆர்டி ரயில் நிரம்பி ஓடுகிறது, அலுவலகங்களில் கூட்டங்கள் நடக்கின்றன. பன்னிரண்டு மணிமுதல் மூன்று மணிவரை நடக்கும் மும்மணி ஆராதனைக்குப் பலர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கழுத்தில் அலுவலக அட்டையோடு ஓடிவருகிறார்கள். வந்து சேர்ந்ததுமே மனம் ஒடுங்கிவிடாது. அதற்குக் கவிதை வேண்டியிருக்கிறது. அதனால் போதகர் ஐயாவின் அனுமதியோடு, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்பதற்கு இடையில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்திலிருந்து சில விருத்தங்களைப் படிக்கிறோம்.

கிருஷ்ணபிள்ளை (1827–1900) வைணவராகப் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். பன்யன் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் இயற்றிய காவியம் 1894இல் வெளிவந்தது. அதில் இயேசுவைக் கட்டி இழுத்துச் செல்லும் இடம் ஒன்று உண்டு. அவரைப் பிணித்தது கயிறு என்று எண்ணிவிடாதீர்கள், பகைத்த மனிதர்மேல் அவர் வைத்த அன்பே அவரைப் பிணித்தது என்பது அதன் கருத்து. ஆழ்வார் பாசுரங்களில் பழகிய ஒரு நெஞ்சால்தான் இப்படிப் பாட முடிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். மதம் மாறியபோது அவர் தம் தமிழை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவில்லை. அந்த விருத்தத்தைச் சோகத்துக்குரிய முகாரி ராகத்தில் மெல்ல இழுத்துப் படித்து முடித்ததும், அதுவரை கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் அதை அணைத்துப் பைக்குள் வைத்ததைக் கவனித்தேன்.

புலம்பெயர்ந்தவர்களிடையே வேதாகமத்தின் 137ஆம் சங்கீதத்தை அடிக்கடி சொல்வார்கள். சிறைப்பட்டுப் போன பாபிலோன் நதிகளருகே தங்கள் யாழ்களான கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டு, அந்நிய தேசத்தில் கர்த்தரின் பாட்டை எப்படிப் பாடுவோம் என்று அழுதவர்களின் பாட்டு அது. தோட்டக் காட்டுக்குக் கூலிகளாக வந்தவர்களுக்கும், இலங்கையில் போருக்குத் தப்பி வந்தவர்களுக்கும் அதைப் பாட முழு உரிமை உண்டு. கணவரின் வேலை அனுமதிச் சீட்டோடு விமானத்தில் வந்த நான் அதைச் சொந்தம் கொண்டாடுவது சரியல்ல என்பது என் எண்ணம். என் போன்றவர்களுக்கு, அதே பாபிலோனில் இருந்தவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதமே பொருத்தம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கிறது அது.

இதை வெறும் வசனமாக வைத்துக்கொள்ளாமல், எங்கள் பொது மன்றாட்டுகளையும் இப்போது நாங்களே எழுதுகிறோம். உலகத்துக்காகவும் தேசத்துக்காகவும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில்லை. புகைமூட்டத்தில் மூச்சுத் திணறும் குழந்தைகள், கிழக்குக் கரையில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தவர்கள், கட்டடச் சாரத்தின் மேல் நிற்கும் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள், முதியோர் இல்லத்தில் தமிழ் பேச ஆளில்லாமல் இருப்பவர்கள் என்று ஒவ்வொருவராக நினைத்து, சங்கீதத்தின் நடையில் இரட்டை வரிகளாக எழுதுகிறோம். ஒருவர் முதல் வரியைச் சொல்ல, சபையார் இரண்டாவதைச் சொல்வார்கள். சங்கீதக்காரர்கள் ஆட்டையும் ஆற்றையும் எலும்பையும் பேர் சொல்லித்தானே ஜெபித்தார்கள்?

கும்மி இப்போது பல கண்ணிகளாக வளர்ந்திருக்கிறது. ரோமன் எழுத்தா தமிழ் எழுத்தா என்ற வாக்குவாதத்தில், இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் ரோமனிலும் அச்சிட்டு, அடியில் அருஞ்சொற்களுக்குப் பொருள் தருவது என்று முடிவாகியிருக்கிறது. பெரியவர்களில் இருவர் இன்னும் ஒப்பவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். வரும் கிறிஸ்துமஸில் வீடுவீடாகப் போகும் பாட்டுக் குழுவினர் இதைப் பாடுவார்கள். எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகத்திடம் கீழ்த்தளப் பொது மண்டபத்தில் இரவு ஒன்பது மணிவரை பாட அனுமதி கேட்டிருந்தோம், கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சீன அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆட்டத்தின் அடியைச் சொல்லித்தர அந்தப் பாட்டி சனிக்கிழமைகளில் வருகிறார். புதிதாகச் சேர விரும்பும் பெண்களுக்கு இடமிருக்கிறது.