கத்தீட்டர் மாற்றுவது யார் வேலை?

எங்கள் மருத்துவமனையில் ஒரு பட்டியல் போட்டோம், அதில் எனக்கும் பங்குண்டு. தையல் பிரிப்பது, பழைய புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்றுவது, தீர்ந்துபோன மாத்திரைக்குச் சீட்டு எழுதுவது, கெடு வந்த கத்தீட்டரை, அதாவது சிறுநீர் வெளியேறப் போட்ட குழாயை, மாற்றுவது எல்லாம் அவசரப் பிரிவில் வேண்டாம், ஓபிக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். இப்போதும் அது தப்பென்று தோன்றவில்லை.

ஆனால் ஓர் இரவில் அப்பாவைக் கூட்டிவந்த ஒரு மகன் கேட்டது மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அப்பாவுக்குக் கத்தீட்டர் மாற்றவேண்டிய நாள் தாண்டியிருந்தது. சிறுநீர் தடையில்லாமல் போகிறது, காய்ச்சல் இல்லை, அடிவயிறு உப்பவில்லை, முதுகுத்தண்டில் அடிபட்டவரும் இல்லை. "இது அவசரமில்லைங்க, காலையில ஓபிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"எப்ப அவசரம் ஆகும் டாக்டர்?"

"அடைச்சுக்கிட்டா. அப்ப உடனே வந்துடுங்க."

"அப்ப அடைக்கிற வரைக்கும் காத்திருக்கணுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. மறுநாள் ஓபியில் மாற்றிக்கொண்டு போனார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இவ்வளவு யோசித்திருக்கமாட்டேனோ என்னவோ.

வேலையின் பெயரை வைத்துப் பட்டியல் போட்டதுதான் உறுத்துகிறது. முதுகுத்தண்டு மேல்பகுதியில் அடிபட்டவருக்கு அதே குழாய் அடைத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். உணவு செலுத்த வயிற்றில் துளையிட்டுப் போட்ட குழாய் கழன்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கும். இதையெல்லாம் 'குழாய் மாற்றுவது' என்று ஒரே வரியில் அடக்க முடியுமா?

பத்து நிமிட வேலைதானே என்பார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு நர்ஸ் வேண்டும். அன்று பக்கவாதம் என்று வந்தவரிடம் அவர் நின்றிருந்தார். சரி, ஆனால் எங்கள் நெரிசலுக்குக் காரணம் இந்த மகனா? வார்டில் கட்டில் கிடைக்காமல் எங்களிடமே படுத்திருந்தவர்கள்தான். அவரை அனுப்பியதால் ஒரு கட்டில்கூடக் காலியாகவில்லை.

மூத்த சிஸ்டர் வேறொன்று சொல்வார்: "நாம செய்யச் செய்ய, செய்யவேண்டியவங்க மறந்துடுவாங்க." உண்மைதான். நாங்கள் குழாயை மாற்றி அனுப்புவோம். நோயாளிக்கு இன்னும் குழாய் தேவையா என்று நின்று கேட்கமாட்டோம். அதை ஓபியில்தான் கேட்பார்கள். கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

பிறகு பட்டியலில் ஒரு வரி சேர்த்தோம்: வேறு வழியில்லாதவர்களுக்குப் பொறுப்பு மருத்துவர் முடிவு செய்யலாம். அந்தப் பொறுப்பு பல இரவுகளில் என்னுடையது. ஆள் இருந்தால் மாற்றுகிறேன், இல்லாவிட்டால் அனுப்புகிறேன். இதை விதி என்று யாரிடமும் சொல்ல முடியாது. சமீபத்தில் ஒருவருக்கு மாற்றிவிட்டேன். கிளம்பும்போது, "அடுத்த தடவையும் ராத்திரியே வந்துடவா டாக்டர்?" என்றார்.