எழுதாமல் விட்ட இரண்டு ராத்திரி

மே 19, 2025, திங்கள்

கோர்ட் வாசலில் இருக்கிற என் டைப்பிங் கடை ஷட்டரைத் தூக்கும்போதே தங்கச்சியிடமிருந்து போன். "அக்கா, சின்னவனை சனிக்கிழமை ராத்திரி போலீஸ்ல கூட்டிட்டுப் போனாங்க. விசாரணைக்குத்தான், காலையில அனுப்பிடுறோம்னாங்க. இன்னும் வரலை."

சனி ராத்திரி போனவனைப் பற்றித் திங்கட்கிழமை சொல்கிறாள். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். "ஞாயித்துக்கிழமை உன் கடை லீவாச்சே" என்றாள். பயத்தில் வந்த பேச்சு, பாவம்.

சின்னவன், தங்கச்சியின் சின்ன மகன், குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறான். மாங்காய் சீசன், கிருஷ்ணகிரி மண்டிக்கும் கூழ் கம்பெனிகளுக்கும் லோடு அடிக்கிறான். யாரோ டிராக்டர் பேட்டரி இரண்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அந்தப் பக்கமாக ராத்திரி வண்டி ஓட்டியவன் இவன். அவ்வளவுதான் ஆதாரம். எந்த ஸ்டேஷன், எந்த ஊர் என்று இங்கே எழுதப்போவதில்லை. மனு விசாரணையில் இருக்கும்போது பெயர் போட்டு வம்பை வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று வக்கீல் சார் சொல்லியிருக்கிறார்.

தர்மபுரியிலிருந்து பஸ் பிடித்துப் போய், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் இருந்த ஏட்டு, "அப்படி யாரையும் கூட்டிட்டு வரலையேம்மா" என்றார், ரொம்ப மரியாதையாக. பக்கத்து அறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. இடது கால் வாரில் நீல நூல் தையல். அது தங்கச்சி கையால் தைத்தது. அவள் அதைப் பார்த்தாள், ஏட்டைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலம் நாலரைக்கு அனுப்பினார்கள். வெள்ளைத் தாள் இரண்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

மே 20, செவ்வாய்

பாதம் இரண்டும் வீங்கி, நடக்க முடியவில்லை. அடி உள்ளங்காலிலும் தொடையிலும் மட்டும். வெளியே தெரிகிற இடத்தில் ஒரு கீறல் இல்லை. பழக்கப்பட்ட கை.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டதும் இவன், "வண்டியிலேருந்து கீழ விழுந்துட்டேன்" என்றான். என் தலையில் யாரோ கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. ஏ.ஆர். என்று சொல்கிற விபத்துப் பதிவேட்டில் அந்த வரி ஏறிவிட்டால் முடிந்தது கதை. பிறகு எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

வெளியே கூட்டி வந்து பெஞ்சில் உட்காரவைத்தேன். பத்து நிமிஷம் பேசினேன். திரும்ப உள்ளே போய்ச் சொன்னான். டாக்டர் சின்ன வயசுப் பெண், ஒரு நிமிஷம் பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். அப்புறம் எழுதினார்: லத்தியால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார், இன்ன தேதி, இன்ன இடம், இத்தனை பேர். காயங்களை அளந்து ஒவ்வொன்றாகக் குறித்தார். அந்தப் பெண் நன்றாயிருக்க வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு, கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தச் சொல்கிறது. டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996-லேயே கட்டளை போட்டிருக்கிறது: கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சி கையெழுத்து வேண்டும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும். இதையெல்லாம் நானே எத்தனையோ மனுவில் டைப் அடித்திருக்கிறேன். ஆனால் கைது என்றே எழுதாவிட்டால் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பதே இல்லை. சின்னவன் சட்டப்படி அந்த இரண்டு ராத்திரியும் எங்கேயும் இல்லை.

மே 21, புதன்

புதன்கிழமை எஸ்.பி. ஆபீஸில் மனு வாங்கும் நாள். மூன்று பக்க மனு, ஏ.ஆர். காப்பி, காலின் போட்டோ. ரசீது கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம் என்று பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) சொல்கிறது, அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஒப்புக்கொள்ள வைப்பதற்காக அடித்தால் பி.என்.எஸ். என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 120-ன்படி ஏழு வருஷம் வரை ஜெயில். இந்தப் பிரிவையும் மனுவில் சேர்த்தேன்.

மே 22, வியாழன்

கடையில் கூட்டம். பத்திரம், அஃபிடவிட், ஒரு ஜாதகம் ஜெராக்ஸ். வேறு ஒன்றுமில்லை.

மே 24, சனி

ராத்திரி தூக்கம் வரவில்லை, ஆகவே போலீஸ் ஸ்டேஷன் கேமரா பற்றி எழுதிவைக்கிறேன்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் செத்துப்போனார்களே, ஜெயராஜ், பென்னிக்ஸ். மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்கே போய்ப் பார்த்தபோது கேமரா இருந்தது, ஹார்டு டிஸ்க்கில் இடமும் தாராளமாக இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகிற மாதிரி செட் செய்து வைத்திருந்தார்கள். அங்கே உண்மை வெளியே வந்ததற்குக் காரணம் கண்ணால் பார்த்ததைப் பயத்தோடு பயமாகச் சொன்ன ஒரு பெண் ஏட்டு. அதே வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் இன்னொரு வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், லாக்கப், வராண்டா, வாசல் எல்லாம் தெரிய வேண்டும், முடிந்தால் 18 மாதம், குறைந்தது ஒரு வருஷம் பதிவை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது.

அதை மேற்கோள் காட்டி, மே 17 முதல் 19 வரையிலான பதிவைக் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அடித்தேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ரிஜிஸ்டர் தபால். பதிவை அழிக்கக் கூடாது என்று தனியாக இன்னொரு கடிதம். வக்கீல் சார், "இந்த ரெண்டாவது கடிதம்தான் முக்கியம், இதைத்தான் முதல்ல அனுப்பியிருக்கணும்" என்றார். சரி, நாலு நாள் தாமதம் என் தப்புதான்.

ஜூன் 5, வியாழன்

எதிர்பார்த்தது வந்துவிட்டது. ஊரில் மதிப்பான ஒருவர் தங்கச்சி வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "தம்பிகள்லாம் வருத்தப்படுறாங்க, வைத்தியச் செலவுக்கு இருபதாயிரம் தரச் சொல்றேன், வாபஸ் வாங்கிடுங்க" என்றாராம்.

தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பாதி மனசு. "அக்கா, ரோட்டுல வண்டி ஓட்டிப் பொழைக்கிறவன். நாளைக்கு ஓவர்லோடுன்னு தினம் ஒரு கேஸ் போட்டா என்ன பண்ணுவான்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. பெங்களூரா மாங்காய் விலை இந்த வருஷம் படுத்துக் கிடக்கிறது, பறிக்கிற கூலிக்கே கட்டுபடியாகவில்லை என்று மரத்திலேயே விடுகிறார்கள். லோடே குறைவு. அவர் பயம் நியாயமானதுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருஷமாக இந்தக் கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறேன். 'இரு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டபடியால் மேல் நடவடிக்கை தேவையில்லை' என்ற வரியை எத்தனை தடவை அடித்திருப்பேன்! கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அடித்துத் தரச் சொன்ன பெண்களில் ஒருத்தி கை நடுங்கிக் கையெழுத்துப் போட்டாள், தாளில் மை சிந்தியது, புதுத் தாளுக்கு இரண்டு ரூபாய் கூட வாங்கினேன். இன்றைக்கு அது ஞாபகம் வந்து ராகிக் களி தொண்டையில் இறங்கவில்லை.

சின்னவன்தான் முடித்துவைத்தான். "வாபஸ் வாங்கல பெரியம்மா. பேட்டரி நான் எடுத்ததாவே ஆயிடும்."

ஜூன் 20, வெள்ளி

இன்று வாச்சாத்தி நாள்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், ஆனால் சின்னவன் வயசுப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. அரூர்ப் பக்கம் சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து அந்த மலைக் கிராமத்துக்குள் இறங்கினார்கள். மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்தார்கள். 18 பெண்களைக் கெடுத்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு கோழிகளை அடித்துத் தின்றார்கள். 90 பெண்கள், 28 குழந்தைகள் உட்பட 133 பேரை ஜெயிலில் தள்ளினார்கள்.

இந்தத் தடவை எனக்கு உறைத்தது இதுதான். மக்கள் சந்தன மரம் வெட்டினார்கள் என்ற கேஸ் உடனே எழுதப்பட்டது. மக்களுக்கு நடந்ததை எழுத மூன்று வருஷம் ஆயிற்று. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் சுப்ரீம் கோர்ட், ஐகோர்ட் என்று அலைந்து, 1995-ல்தான் சி.பி.ஐ. கைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்.

2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி கோர்ட்டில் தீர்ப்பு. அன்று கடையைத் திறந்துவைத்திருந்தேனே தவிர ஒரு வேலையும் ஓடவில்லை. ரோடு முழுக்க ஜனம். 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. பதினேழு பேருக்குப் பாலியல் பலாத்காரத்துக்காகத் தண்டனை. ரிடையர் ஆகி, பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஆட்கள் வேட்டி சட்டையில் வரிசையாகப் போனார்கள். பார்த்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி இருந்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கடைத் தண்ணீர்க் குடத்தில் மொண்டு குடித்த வாச்சாத்திக் கிழவி ஒருத்தி, "அவனுங்க மொகம் எங்களுக்கு மறக்கலைம்மா, அவனுங்களுக்குத்தான் எங்க மொகம் மறந்துபோச்சு" என்றாள்.

அப்பீல் போனார்கள். நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்தக் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே செப்டம்பர் 29-ல், சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எல்லாத் தண்டனையும் உறுதியானது. பாதிக்கப்பட்ட 18 பேருக்கும் தலா 10 லட்சம், அதில் பாதியைக் கெடுத்தவர்களிடமே வசூலிக்க வேண்டும். அன்றைய கலெக்டர், எஸ்.பி., வன அதிகாரி மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது ஐகோர்ட். ஆக, 31 வருஷம்.

தங்கச்சியிடம் இதைச் சொன்னேன். தைரியம் வரட்டும் என்றுதான். "31 வருஷமா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 26, வியாழன்

தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. 'குறிப்பிட்ட நாட்களில் கேமரா பழுதுற்றிருந்தது.' ஒரே வரி. எந்த நாள் பழுதானது, யாரிடம் புகார் கொடுத்தார்கள், எப்போது சரிசெய்தார்கள் என்று மூன்று கேள்வி வைத்து மேல்முறையீடு அடித்தேன். பழுதுக்கும் ஒரு பதிவேடு இருக்குமில்லையா?

ஜூலை 2, புதன்

கடை டி.வி.யில் திருப்புவனம்தான் ஓடுகிறது. மடப்புரம் கோயில் காவலாளி, 27 வயசு. நகை காணோம் என்ற புகாரில் கூட்டிப்போய் அடித்தே கொன்றிருக்கிறார்கள், சனிக்கிழமை. ஐந்து போலீஸ்காரர்கள் கைது, வழக்கு சி.பி.ஐ.க்கு. கோயிலிலேயே ஒருவர் ஒளிந்திருந்து செல்போனில் எடுத்த வீடியோ இல்லையென்றால் இதுவும் 'வலிப்பு வந்து விழுந்தார்' என்று போயிருக்கும்.

பேட்டரி, நகை. தங்கச்சி சேனலை மாற்றச் சொன்னாள். சின்னவன் மாற்றவிடவில்லை.

ஜூலை 17, வியாழன்

மாநில மனித உரிமை ஆணையத்திலிருந்து மனு எண்ணோடு தபால். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போனால்தான் எடுப்பார்கள், நாங்கள் ஒரு மாதத்திலேயே அனுப்பிவிட்டோம். ஆணையம் பரிந்துரைதான் செய்யும், தண்டிக்காது என்று ஒருத்தர் சொன்னார். அரசு அந்தப் பரிந்துரையைத் தட்டிக்கழிக்க முடியாது என்று 2021-ல் ஐகோர்ட் முழு அமர்வு சொல்லியிருக்கிறது என்று வக்கீல் சார் அவர் வாயை அடைத்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டி.எஸ்.பி. விசாரணை. காலை பத்து மணிக்கு வரச் சொல்லி ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள். என்னை உள்ளே விடவில்லை, ஜன்னலோரம் நின்றேன். சின்னவன் சொல்லச் சொல்ல ஒருத்தர் எழுதினார். முடிந்ததும் வாசித்துக் காட்டினார்கள். ஆரம்பமே, 'மேற்படி தேதியில் நான் தாமாகவே நிலையம் சென்றேன்.'

சின்னவன் பேனாவைக் கீழே வைத்தான். "நான் தானா போகலைங்க சார். வீட்டுல சோத்துத் தட்டுல கை வெச்சிருந்தேன், அப்போ கூட்டிட்டுப் போனாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானப்பா, கையெழுத்தப் போடு."

"ஒண்ணு இல்லைங்க சார். மாத்தி எழுதுங்க."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தாளை அப்படியே அடித்துத் திருத்தலாம் என்றார் எழுதியவர். வேண்டாம், புதுத் தாளில் முதலிலிருந்து எழுதுங்கள் என்று நின்றான். எழுதி முடிக்க மணி நாலேகால். ஒவ்வொரு பக்கத்தையும் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். ஏழாவதோடு படிப்பை விட்டவன்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பசிக்கிறது என்றான். ஆளுக்கு இரண்டு புரோட்டா சாப்பிட்டோம்.