முடிவு வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்

என் மகனுக்கு அந்த முடிவை நான் சொல்லவில்லை. போனில் என் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டான். "கிடைக்கலக்கா. பரவாயில்ல, அவன் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி, பெரியவ மாதிரி இல்ல." இதுதான் நான் சொன்னது. திரும்பிப் பார்த்தால் கையில் பென்சிலோடு நிற்கிறான். அழவில்லை. "அம்மா, எனக்கு மார்க் வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டான்.

பள்ளிகளில் நடக்கும் கிஃப்டட் வகுப்புத் தேர்வு, அதாவது கூடுதல் திறமையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் சேர்வதற்கான தேர்வு பற்றி எழுதச் சொன்னால் பலரும் எந்தப் பயிற்சிப் புத்தகம், எத்தனை மதிப்பெண் வேண்டும் என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. இரண்டு பிள்ளைகள், மூன்று தேர்வுகள், மூன்று விதமாகப் பேசினோம். இரண்டு தடவை சொதப்பினோம். அதை எழுதுகிறேன்.

மூத்தவளுக்கு எட்டு வயதில் தேர்வு. அவளிடம் நாங்கள் ஒன்றுமே பேசவில்லை. பள்ளியில் வைத்தார்கள், எழுதினாள், தேர்வானாள். அன்றைக்கு வீட்டில் ஒரே அமர்க்களம். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன். "எங்க பொண்ணு கிஃப்டட்" என்று அவள் காதுபடவே பத்துப் பேரிடம் சொல்லியிருப்போம். அப்போது தம்பிக்கு ஆறு வயது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்கான பாடத்தை அன்றைக்கே நடத்திவிட்டோம் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

அவன் முறை வந்தபோது பதற்றம் வேண்டாமே என்று "சும்மா ஒரு விளையாட்டு மாதிரிதான்டா, ஜாலியா எழுது" என்று சொன்னோம். சொல்லிவிட்டு தினமும் அரை மணி நேரம் பயிற்சித்தாள் போடவைத்தோம். விளையாட்டுக்கு யாராவது மூன்று மாதம் பயிற்சித்தாள் போடுவார்களா? பிள்ளைகள் நம் வாயைப் பார்ப்பதில்லை, நாம் எதற்கு நேரம் ஒதுக்குகிறோம் என்பதைத்தான் பார்க்கிறார்கள். அவன் அப்பா காலையில் இரண்டு தடவை பென்சிலைச் சீவிக் கொடுத்தபோதே இது விளையாட்டு இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கூடவே, பயந்தால் அதை எங்களிடம் சொல்லக்கூடாது என்பதும் தெரிந்துவிட்டது.

பயிற்சி பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கேள்விகள் எந்த மாதிரி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டுவது நல்லதுதான். எங்கள் பிள்ளைகள் எழுதியது கோகேட் (CogAT) வகைத் தேர்வு, பாடத்தை அல்ல, யோசிக்கும் திறனைச் சோதிப்பது. சொல், எண், உருவம் என்று மூன்று பிரிவுகள். உருவப் பிரிவில் தாளை மடித்து ஓட்டை போட்ட மாதிரி ஒரு படம் இருக்கும், விரித்தால் எப்படி இருக்கும் என்று நான்கைந்து படங்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் முறை பார்க்கிற பிள்ளை கேள்வியே புரியாமல் திகைக்கும். ஒரு நிஜத் தாளை எடுத்து மடித்து, ஓட்டை போட்டு, விரித்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். தெரியாத கேள்வியிலேயே உட்கார்ந்திருக்காமல் அடுத்ததற்குப் போகவும், பாத்ரூம் வந்தால் கேட்கவும் சொல்லிக்கொடுங்கள். அவ்வளவு போதும். மாதக்கணக்கில் அரைத்துவிட்டு, "இது உனக்கு எந்த வகுப்பு ஒத்துவரும்னு பாக்கத்தான்" என்று பிறகு சொன்னால் எந்தக் குழந்தையும் நம்பாது.

சரி, முடிவுக்கு வருகிறேன். அவனுக்கு 96-ஆவது பர்சென்டைல். பள்ளி கேட்டது 97. அன்று மாலை உட்காரவைத்து விளக்கினேன். "உன் வயசுப் பசங்க நூறு பேரை வரிசையா நிக்க வச்சா, நீ கிட்டத்தட்ட எல்லாருக்கும் முன்னாடி நிப்ப." கொஞ்சம் யோசித்தான். "அப்போ எனக்கு முன்னாடி நாலு பேர்தானே? அப்புறம் ஏன் எடுக்கல?" என்றான். கணக்குச் சரிதான். பதில்தான் என்னிடம் இல்லை.

அதன்பிறகு நான் சொன்ன எல்லாமே உண்மைதான். இந்த மதிப்பெண் அறிவை முழுக்க அளப்பதில்லை, ஒரு நாள் காலையில் ஒரு வகைக் கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொன்னாய் என்பதை அளக்கிறது. நாளை எழுதினால் இரண்டு புள்ளி ஏறலாம், இறங்கலாம். கோகேட் தேர்வை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் லோமனே, ஒரு வருடம் உச்சியில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அடுத்த வருடம் அதே இடத்தில் இருப்பதில்லை என்று 2006-இல் எழுதியிருக்கிறார். எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இருக்காது. எல்லாம் சொன்னேன். அவன் தலையாட்டினான். கடைசியில், "நான் அழக்கூடாதுன்னுதானே சொல்ற?" என்று கேட்டான்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. இதே வார்த்தைகளை ஒரு மாதம் முன்பு சொல்லியிருந்தால் அவை தகவல். முடிவு வந்தபிறகு சொன்னால் ஆறுதல். ஆறுதல் என்று பட்டுவிட்டால் உண்மையைக்கூட குழந்தை நம்புவதில்லை. நாமும் அப்படித்தானே, வேலை கிடைக்காமல் திரும்பி வரும்போது "அந்தக் கம்பெனியே சரியில்ல" என்று யாராவது சொன்னால் நம்புகிறோமா?

ஆறுதலுக்காக நான் எடுத்த இன்னொரு ஆயுதம் நோபல் கதை. லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-இல் தொடங்கி, அதிக ஐ.க்யூ. உள்ள ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். அந்தத் தேர்வில் மதிப்பெண் போதாமல் விடுபட்ட இரண்டு சிறுவர்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். ஒருவர் 1956-இலும் மற்றவர் 1968-இலும் இயற்பியலுக்கான நோபல் வாங்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருவர்கூட வாங்கவில்லை. அருமையான கதை இல்லையா? என் மகன் கேட்டுவிட்டு, "அப்போ நான் நோபல் வாங்கணுமா?" என்றான். இந்தக் கதையை நீங்கள் படித்து உங்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். ஒரு சுமையை இறக்கிவிட்டு அதைவிடப் பெரிய சுமையை ஏற்றுகிற வேலை அது.

இதற்கிடையில் தேர்வான மகள் நிம்மதியாக இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். பழைய வகுப்பில் ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். புது வகுப்பில் எல்லாரும் அப்படித்தான். முதல் கணக்குத் தேர்வில் இருபதுக்குப் பதினொன்று வாங்கினாள். அந்தத் தாளை எட்டாக மடித்து ஷூவுக்குள் வைத்திருந்தாள். நான் ஷூவைத் துவைக்க எடுத்தபோது நசுங்கிப் போய் வந்தது. கேட்டதற்கு, "அவங்க என்னைத் தப்பா எடுத்துட்டாங்கம்மா. கண்டுபிடிச்சா அனுப்பிடுவாங்க" என்றாள்.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். சர்க்கரை ஆலைக்குள்ளேயே கொண்டுபோய் விட்டால் இலுப்பைப்பூ என்ன செய்யும்? என் மகளை இலுப்பைப்பூ என்று சொல்ல மனம் வரவில்லைதான், ஆனால் அவள் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்கு மட்டும் நடப்பதல்ல. திறமையானவர்கள் நிறைந்த வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குத் தன் திறமை மீதுள்ள மதிப்பு குறைந்துவிடுவதை உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பிள்ளை எங்கேயும் போய்விடவில்லை, அருகில் நிற்பவர்கள் மாறிவிட்டார்கள்.

நாங்கள் செய்த அமர்க்களம்தான் இதைப் பெரிதாக்கியது. உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும் சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கஷ்டமான புதிர்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் சீக்கிரம் துவண்டார்கள். தங்கள் மதிப்பெண்ணைப் பிறரிடம் சொல்லும்போது கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். ஷூவுக்குள் மடித்து வைத்த தாளின் கதையும் அதேதான். கிஃப்டட் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி பதினொன்று வாங்க அவளுக்கு அனுமதி இல்லை.

அந்தப் பெயரே எனக்குப் பிடிப்பதில்லை. கிஃப்டட் என்றால் பரிசு பெற்ற பிள்ளை. அப்படியானால் மற்ற பிள்ளைகளுக்கு யாரும் ஒன்றும் தரவில்லையா? தமிழில் மீத்திறன் என்கிறார்கள், அது கொஞ்சம் தேவலை. வீட்டில் நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டு 'வேகமான வகுப்பு' என்று சொல்ல ஆரம்பித்தோம். பாடம் வேகமாக நகரும், அந்த வேகம் ஒத்துவருகிற பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். சிறியவனுக்கும் அது உடனே புரிந்தது. ஒரு பெயரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் 'நீ யார்' என்ற கேள்வி 'நீ எங்கே உட்காருகிறாய்' என்று சுருங்கியது.

அடுத்த வருடம் மறுபடி எழுதலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். இந்தத் தடவை அவனையே கேட்டோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன் என்றான். அன்றைக்கே பேசினோம், தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது. ஏறக்குறைய இப்படி:

"இது விளையாட்டு இல்ல, தேர்வுதான். போன தடவ நாங்க விளையாட்டுன்னு சொன்னது தப்பு. உனக்குத் தெரியாத கேள்வி நிறைய வரும், எல்லாருக்கும் வரும், அப்படித்தான் அந்தத் தாளைத் தயார் பண்றாங்க. கிடைச்சா வேற வகுப்பு, வேற பசங்க, வீட்டுப்பாடம் ஜாஸ்தி. கிடைக்கலைன்னா இதே வகுப்பு, இதே ஃப்ரெண்ட்ஸ். கிடைக்கலைன்னா உனக்கு வருத்தமா இருக்கும். எங்களுக்கும் கொஞ்சம் இருக்கும். அது ஒரு ரெண்டு நாள் இருக்கும், அப்புறம் போயிடும்."

கடைசி மூன்று வாக்கியங்களைச் சொல்ல என் கணவருக்கு விருப்பமில்லை. எங்களுக்கும் வருத்தம் இருக்கும் என்று ஏன் சொல்ல வேண்டும் என்றார். சொல்லாவிட்டால் அன்றைக்கு நம் முகம் சொல்லிவிடும், அதற்கு அவன் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வான் என்பது நம் கையில் இல்லை என்றேன். இப்போதும் அந்த மூன்று வாக்கியங்கள்தான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதே பேசி வைத்தோம். முடிவு வந்தால் நாங்கள் இருவரும் முதலில் படிப்போம், அன்றைக்கே அவனிடம் சொல்வோம், அவன் சொல்லச் சொன்னால் ஒழிய உறவினர் யாரிடமும் சொல்ல மாட்டோம். இது அந்தப் போன் விஷயத்துக்கு நான் கட்டிய அபராதம். வகுப்பில் பசங்க கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள். அதற்கும் ஒரு பதில் தயார் செய்தோம். "கிடைக்கல, நான் இங்கதான் இருக்கேன்." அவ்வளவுதான். கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தான். அக்காவும் தனக்கு ஒரு பதில் வேண்டும் என்றாள். "நீ கிஃப்டடா?" என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்றால் அலட்டல், இல்லை என்றால் பொய். "நான் அந்த வகுப்புல படிக்கிறேன்" என்று முடிவானது.

மதிப்பெண் வந்தது. 94. போன வருடத்தைவிடக் குறைவு. அவனை அழைத்துச் சொன்னேன். முகம் சுருங்கியது. "ரெண்டு நாள்தானே?" என்றான். ஆமாம் என்றேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் பின்னாலேயே போகவில்லை. அதற்கு என்ன பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இரண்டு நாள் என்று சொன்னது எங்கள் கணக்கு, அவனுக்கு நாலு நாள் ஆயிற்று. ஐந்தாவது நாள் மாலை அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "மூணு தடவ மடிச்சு ஒரு ஓட்ட போட்டா எட்டு வரும். நாலு தடவ மடிச்சா?" அவள் நிமிராமலேயே பதினாறு என்றாள். "எண்ணாம எப்படிச் சொல்ற? போட்டுப் பாப்போம்" என்று ஒரு தாளை நாலாவது தடவை மடித்து, என் மேஜையிலிருந்த பஞ்சிங் மெஷினுக்குள் திணித்து, இரண்டு கையாலும் அழுத்தினான். இறங்கவில்லை. அவளும் எழுந்து வந்து சேர்ந்து அழுத்தினாள்.