சேர்வராயன் மலையில் மூன்றாவது முகாம்: வெயில் ஏறிய பிறகு விழுந்த மீன்

நீலகிரி மலையில் இருக்கும் அவலாஞ்சியில் டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து என் மகளுக்கு ஒரே கேள்விதான். "ஏற்காட்லயும்தான் குளிருது, இங்க ஏன்ப்பா டிரவுட் இல்ல?" ஜனவரியில் நாங்கள் மூன்றாவது முறையாகக் கூடாரம் போடக் கிளம்பியபோது, சமையலறையில் இருந்த தெர்மாமீட்டரையும் ஒரு நோட்டையும் அவளே பையில் எடுத்து வைத்தாள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கூடாரம் போடக்கூடாது. அதனால் இந்த முறையும் நாகலூர் பக்கம், தெரிந்தவரின் காபித் தோட்டம்தான். உள்ளே பாசனத்துக்கு வெட்டிய குட்டை ஒன்று இருக்கிறது, அதில் ஜிலேபி கெண்டையும் கொஞ்சம் சாதா கெண்டையும் விட்டிருக்கிறார். தூண்டில் போடுவதற்கும் அவரிடம் சொல்லிவிட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. காபிப் பழம் பறிக்கும் பருவம் என்பதால் களத்தில் ஆட்கள் இருந்தார்கள். காட்டெருமை வரும் தடத்தை அவர்கள்தான் காட்டினார்கள். அதை விட்டு விலகி, களத்துக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே கூடாரத்தைப் போட்டோம்.

போன தடவை இரவு முழுக்கக் கூடாரத்துக்குள் ஈரம். அடியில் விரித்த தார்ப்பாய் கூடாரத்தைவிடப் பெரியதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதில் இறங்கிய பனித்தண்ணீர் நேராக அடிக்கு ஓடி வந்துவிட்டது. இந்த முறை தார்ப்பாயின் ஓரங்களை உள்பக்கமாக மடித்துவிட்டேன். குளிருக்குப் பயந்து சன்னலை மூடிவிடாமல், மேலே வலைச் சன்னலை ஒரு சாண் திறந்தே வைத்தோம். மூச்சுக்காற்று வெளியே போனதால் விடியும்போது துணி காய்ந்தே இருந்தது. அடுப்புக்குக் கவாத்து செய்த காபிக் குச்சிகளைக் கொடுத்தார்கள். என்ன கனம், என்ன கங்கு! சில்வர் ஓக் சுள்ளி பற்றவைக்க மட்டும்தான் ஆகும்.

சரி, மீனுக்கு வருவோம்.

என் மாமனார் மேட்டூர்க்காரர். அணைத் தண்ணீரில் சின்ன வயதிலிருந்து தூண்டில் போட்டவர். "விடியக்காலைல போட்டாத்தான் மீனுங்க மாப்ள" என்பார். முந்தின இரண்டு முறையும் அப்படித்தான் செய்தோம்: ஆறரைக்குக் குட்டையில் உட்கார்ந்து, பத்து மணிக்கெல்லாம் சுருட்டிக்கொண்டு எழுந்தோம். ஒரு மீனும் விழவில்லை. இந்த முறையும் ஆறரைக்கே ஆரம்பித்தோம். பத்தடி மூங்கில், மெல்லிய நரம்பு, சின்ன முள், மயிலிறகுத் தண்டில் மிதவை. காபிப் பழத்தோல் மக்கிய குழியில் தோண்டிய மண்புழு. மிதவை அசையவே இல்லை.

மகள் மட்டும் மணிக்கு ஒருமுறை தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கு 17 டிகிரி. பத்து மணிக்கு 19. வழக்கம்போல எழுந்துவிடலாம் என்று நான் சொன்னபோது அவள் நோட்டைக் காட்டினாள். "அப்புச்சி, ஏறிட்டே இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்." மாமனார் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பதினொன்றே காலுக்கு முதல் மீன் எடுத்தது. தண்ணீர் 20-ஐத் தாண்டியிருந்தது. ஒரு மணிக்கு 22. அதற்குள் ஐந்து ஜிலேபி. மூன்று மணிக்குள் மொத்தம் ஒன்பது, அதில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத நாலு மீன்களை முள்ளைக் கழற்றித் திருப்பி விட்டோம்.

ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வெப்பத்தண்ணீர் மீன். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் இரை எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். மேட்டூரில் விடிகாலைத் தண்ணீரே வெதுவெதுப்பு, அதனால் அங்கே காலை நேரம் சரி. மலையில் ஜனவரிக் காலைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

மகளின் கேள்விக்கும் அந்த நோட்டிலேயே பதில் இருந்தது. டிரவுட்டுக்கு வருஷம் முழுக்கச் சில்லென்ற, ஓடுகிற தண்ணீர் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினாலே அது திணறத் தொடங்கும், ஏனென்றால் தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் இறங்கும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர், சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியே 1,600-ஐக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. அவலாஞ்சி 2,000-க்கும் மேலே. 1907இல் பொரிப்பகத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் செய்திருப்பார்கள். ஜனவரி மதியத்திலேயே எங்கள் குட்டை 22 என்றால் மே மாதத்தில் எப்படி இருக்கும்? "அப்ப இங்க டிரவுட்டுக்கு மூச்சு முட்டும்" என்று அவளே சொல்லிவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குட்டை ஜிலேபியில் சேற்று வாடை இருக்கும். கல் உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலை உரித்து எடுத்துவிட்டால் போய்விடும். என் மனைவி மிளகாய்த்தூளோடு தோட்டத்துப் பச்சை மிளகையும் இடித்துத் தடவினாள். காபிக் கங்கில் தோசைக்கல்லை வைத்துப் பொரித்தோம். முள்ளுக்குப் பயந்து மீனே தொடாத சின்னவன் இரண்டு துண்டு சாப்பிட்டான்.

இந்த முறை அளந்தது மேல்தண்ணீரை மட்டும்தான். ஆழத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, தெர்மாமீட்டரைச் சின்னப் பாட்டிலுக்குள் போட்டு, ஈயக்குண்டும் அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறும் கட்டி இறக்கப் போகிறோம். பாட்டிலை மாமனார் தேடி வைத்துவிட்டார். மே விடுமுறையில் மறுபடியும் அதே குட்டை.