கூடையில் ஏறுமுன் குனிந்து நிலத்தைப் பாருங்கள்

கோபுரத்துக்கு வர்ணம் பூசவும் மாடிக் கட்டடத்துக்குக் கண்ணாடி பூட்டவும் சாரம் கட்டாமல், ஆளைக் கூடையில் உயர்த்தும் மெசினான லிஃப்றை வாடகைக்கு எடுப்பவர்களுக்கும், அதை ஓட்டுபவர்களுக்கும் இந்தக் குறிப்பு.

முதலில் எது லிஃப்ற், எது லிஃப்ற் இல்லை என்று பார்த்துவிடுவோம். கத்தரிக்கோல் போல் மடிந்து விரியும் சிசர் லிஃப்ற் நேர்மேலே மட்டும் போகும். நீண்ட கை உள்ள பூம் லிஃப்ற் எட்டிப்போகும். லொறியில் கூடை பூட்டியதும் உண்டு. ஆனால் பூம் றக்கின் கொழுக்கியில் இரும்புக் கூடையைச் சங்கிலியால் கட்டி ஆளை ஏற்றுவது இந்த மூன்றிலும் சேராது. உள்ளே நிற்பவரின் கையில் நிறுத்தும் சுவிச் இல்லை, கூடை சுழன்றால் பிடிக்க வழியில்லை. அது சாமான் தூக்கும் வாகனம்.

இனி நிலம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மேலே செம்பாட்டு மண், கீழே சுண்ணாம்புக்கல். ‘கீழே கல்லுத்தானே, என்ன பயம்’ என்ற பேச்சை நம்பி மெசினின் காலை ஊன்றக்கூடாது. சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரையும்; நிலாவரைக் கிணறே அப்படிக் கரைந்து உண்டான பள்ளம்தான். அதைவிடப் பெரிய ஆபத்து மனிதர் வெட்டிய குழிகள்: மேலே மண் போட்டு மறைந்த மலசலகூடக் குழியின் மூடி, குப்பை கொட்டித் தூர்த்த பழங்கிணறு, வாய்க்கால் மேல் போட்ட கொங்கிறீற்றுப் பலகை, தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி இறுக்காமல் மூடிய கான். மெசினை இறக்குமுன் அந்த வீட்டின் வயதான ஆளிடம் ‘இந்த வளவில் முந்திக் கிணறு எங்கே இருந்தது, குழி எங்கே’ என்று கேளுங்கள். எந்த வரைபடமும் அவ்வளவு சொல்லாது. பிறகு அலவாங்கால் குத்திப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் அந்த இடம் வேண்டாம். ஒலிக்கவில்லை என்பதற்காக நிலம் உறுதி என்றும் ஆகிவிடாது. ஆழத்தில் இருக்கும் பள்ளம் அலவாங்குக்குத் தெரியாது.

ஜாக் கால், அதாவது மெசினைத் தாங்க நிலத்தில் ஊன்றும் கால், உள்ள மெசினில், பூம் எந்தக் காலின் பக்கம் திரும்புகிறதோ அந்தக் காலுக்கே பாரத்தின் பெரும்பங்கு போகும். நாலால் பிரித்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு காலில் 3,000 கிலோ வருகிறது, காலின் அடித்தட்டு 30 க்கு 30 சென்ரிமீற்றர் என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு 3.3 கிலோ. அதே காலுக்குக் கீழே 60 க்கு 60 பலகை வைத்தால் 0.83 கிலோ. பலகை வளையாத தடிப்பாக இருந்தால்தான் இந்தக் கணக்குச் சரி. வளைந்தால் நடுப்பகுதி மட்டுமே பாரம் தாங்கும். பனஞ்சிலாகையைத் தனித்தனியே அடுக்குவது வேலைக்கு ஆகாது, விலகிவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் காலையில் மட்டம் சரியாக இருந்த கால் மத்தியானத்துக்குள் இறங்கியிருக்கும். ஒவ்வொரு தடவை ஏறுமுன்னும் மட்டத்தைப் பாருங்கள்.

சில்லில் ஓடும் பூம் லிஃப்றில் கதை வேறு. இரண்டு சில்லுக்கும் இடைவெளி 2 மீற்றர், ஒரு பக்கச் சில்லு 10 சென்ரிமீற்றர் பள்ளத்தில் இறங்குகிறது, கூடை 15 மீற்றர் உயரத்தில் என்று வைப்போம். மேலே கூடை 75 சென்ரிமீற்றர் சட்டென்று பக்கவாட்டில் போகும். கூடையின் சுற்றுக் கம்பிக்கு மேலால் ஆள் எறியப்படுவது இப்படித்தான். அதனால்தான் முழு உடல் பெல்ற். இடுப்பு பெல்ற் போதாது. பெல்றின் கயிற்றைக் கூடைக்குள் அதற்கென்று இருக்கும் வளையத்தில், கம்பியைத் தாண்டி வெளியே போகமுடியாத அளவு குறுக்கிக் கொழுவ வேண்டும். கோபுரத்திலோ போஸ்ரிலோ கொழுவினால் கூடை நகரும்போது அதே கயிறு ஆளை இழுத்துவிடும். சிசரில் சுற்றுக் கம்பிதான் முதற் பாதுகாப்பு. பெல்ற் வேண்டுமா என்பதற்கு அந்த மெசினின் கையேட்டைப் பாருங்கள். எதிலும் நடுக்கம்பியில் ஏறி நிற்பதும், கூடைக்குள் ஏணி வைப்பதும் கூடாது.

ஒழுங்கைகளில் மதிலை ஒட்டி வயர் போகும். 33,000, 11,000 வோல்ற் வயர்களுக்குத் தொடத் தேவையில்லை, கிட்டப் போனாலே கறண்ட் பாயும். 50,000 வோல்ற் வரை 10 அடி, அதாவது 3 மீற்றருக்குச் சற்று மேல் விலகி நிற்கவேண்டும் என்பது அமெரிக்க விதி. கூடையும் ஆடும், வயரும் ஆடும் என்பதால் அதற்கும் கூடுதலாகவே விடுங்கள். அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் மின்சார சபை கறண்டை நிறுத்தி, நிறுத்தியதை உறுதிசெய்யும்வரை வேலை இல்லை. ஃபைபர் கூடை என்பதால் பயமில்லை என்பது சோதனைச் சான்று உள்ள, சுத்தமான கூடைக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. கடற்காற்றின் உப்பு படிந்தால் அதன்மேலும் கறண்ட் ஓடும். மெசின் வயரில் பட்டுவிட்டால் கீழே நிற்பவர் அதைத் தொடக்கூடாது, மற்றவர்களையும் கிட்ட விடக்கூடாது.

காற்று. வெளியில் பாவிக்க அனுமதித்த பெரும்பாலான லிஃப்றுகளின் எல்லை செக்கனுக்கு 12.5 மீற்றர், மணிக்கு 45 கிலோமீற்றர். சில சிசர்களில் ‘உள்ளே 2 பேர், வெளியே 1’ என்று ஒட்டியிருக்கும்; கட்டடத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஏறக்கூடிய ஆட்கள் அது. சிலதை வெளியே எடுக்கவே கூடாது. காற்று வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நாலு மடங்கு. எட்டுக்கு நாலு அடி தகட்டை நிமிர்த்திப் பிடித்தால், அந்த 12.5 மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிலோ அளவு தள்ளும். ஒருவர் நிற்கும் கூடைக்கு ஐரோப்பிய நியமம் கணக்கில் எடுக்கும் கைத்தள்ளு, அதாவது உள்ளே நிற்பவர் கையால் தள்ளும் விசை, 200 நியூற்றன், சுமார் 20 கிலோதான். தென்மேல் காற்றான சோழகம் வீசும் மாதங்களில்தான் நல்லூர்த் திருவிழாவும் வருகிறது, பதாகை கட்டும் வேலையும் கூடுகிறது. காற்றளக்கும் சின்னக் கருவியைக் கூடையின் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். நிலத்தில் அளந்தால் குறைவாகத்தான் காட்டும்.

மெசினில் பலரும் கவனிக்காத ஒன்று: பற்றறியும் நுரை நிரப்பிய ரயரும் வெறும் உதிரிப்பாகங்கள் இல்லை, அவற்றின் பாரத்தையும் சேர்த்தே மெசின் சரியாமல் நிற்கிறது. விலை குறைவு என்று பாரம் குறைந்த பற்றறியோ காற்று ரயரோ போட்டால் அந்தச் சமநிலை போய்விடும். சாய்வு எச்சரிக்கை அடிக்கடி கத்துகிறது என்று வயரைக் கழற்றி வைத்திருக்கும் மெசினைத் திருப்பி அனுப்புங்கள். பல சிசர்களில் அது பக்கவாட்டில் 1.5 பாகையிலேயே கத்தும், கத்தவும் வேண்டும். கரையோரத்தில் ஓடும் மெசின்களில் எல்லை தாண்டாமல் நிறுத்தும் லிமிற் சுவிச்சும் வயர் முனைகளும் முதலில் துருப்பிடிக்கும். ஹோஸில் ஒயில் கசிகிறதா என்று கையால் தடவாதீர்கள், மட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஊசி போலப் பாயும் ஒயில் தோலுக்குள் ஏறிவிடும்.

கீழே நிற்க ஓர் ஆள் கட்டாயம், அவர் தேத்தண்ணி வாங்கப் போகும் ஆளாக இருக்கக்கூடாது. மேலே இருப்பவர் உத்தரத்துக்கும் கொன்றோல் பெட்டிக்கும் இடையில் நசுங்கினால் அவரால் லீவரை விடமுடியாது. கீழ்க் கொன்றோலுக்கு மாற்றி இறக்கவேண்டியது கீழே நிற்பவர்தான். சிசரில் அவசரமாய் இறக்கும் இழுபிடி எங்கே, பூமில் துணைப் பம்ப் சுவிச் எது என்பதை, முதல் தடவை கூடை ஒரு மீற்றர் உயர்ந்ததும், அவரைக் கொண்டே ஒருமுறை இறக்கச் சொல்லிப் பாருங்கள். இறக்கத் தெரியாவிட்டால் அவர் கற்றுக்கொள்ளும்வரை கூடை அதற்கு மேல் போகவேண்டாம்.