கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது

குழந்தைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் மாண்டிசோரி முறையில் டீச்சர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, பிள்ளைகளுக்கு ஓடி ஓடி உதவுவதுதான் டீச்சர் வேலை என்று நினைத்திருந்தேன். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே 1939-இல் அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்த ஊர் எங்கள் சென்னை. அந்தப் பெருமை வேறு.

வகுப்பைக் கவனிக்கப் போன இரண்டாம் நாள், மூன்று வயதுப் பெண் ஒருத்தி இளஞ்சிவப்புக் கோபுரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். மொத்தம் 10 கட்டைகள். பெரியது 10 செ.மீ., சின்னது 1 செ.மீ. நடுவில் ஒன்றை விட்டுவிட்டாள். என் கை தானாக நீண்டது. பக்கத்தில் இருந்த அக்கா என் மணிக்கட்டை மெல்லப் பிடித்து, "கொஞ்சம் பொறும்மா" என்றார்.

கடைசியில் ஒரு கட்டை மிச்சம். குழந்தை கோபுரத்தையே உற்றுப் பார்த்தாள். அப்புறம் மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, மறுபடி அடுக்கினாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தவறைக் கட்டையே காட்டிக்கொடுக்கும் என்று நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தேன். அன்றுதான் அது புரிந்தது.

வேன் வந்துவிடுமே என்று என் மகனுக்குத் தினமும் நானே சட்டைப் பொத்தான் போட்டுவிடுவேன். இப்போது பத்து நிமிடம் முன்னதாக எழுப்புகிறேன். நேற்று ஒரு பொத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். அப்படியே அனுப்பினேன்.