ஒருவருக்காக ஒருவர் காத்திருத்தல்

திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமச் சபைகளில் 22 ஆண்டுகள் சபை ஊழியராகப் பணி செய்திருக்கிறேன். ஆராதனைக்கு ஆயத்தம் செய்வது, வீடு சந்திப்பது, பல சபைகளுக்குப் பொறுப்பான சேகர குரு வர இயலாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது என வேலைகள் பல இருந்தாலும், கிறிஸ்தவ மரியாதை என்பது என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஓர் அசனப் பந்திதான்.

அசனம் என்பது எங்கள் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பண்டிகையை ஒட்டி நடக்கும் பொது விருந்து. வீட்டுக்கு வீடு கொடுக்கிற அரிசியும் ஆடும் காணிக்கைப் பணமும் சேர்ந்து சமையலாகி, இருப்பவரும் இல்லாதவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பதே அதன் நோக்கம். அந்த ஆண்டு பந்தி மேற்பார்வை என் பொறுப்பில் இருந்தது. குருவானவர், வெளியூர் விருந்தினர், கமிட்டியார் ஆகியோருக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்பதிலேயே என் கவனமெல்லாம் இருந்தது. மூன்று மணி வாக்கில் ஒரு வயதான தாயார் தூக்குவாளியோடு பந்தல் ஓரம் வந்து நின்றார். சோறு இருந்தது, குழம்பு அண்டாவை அப்போதுதான் கழுவக் கவிழ்த்திருந்தார்கள். "கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"கடையில பீடி கொடுத்துட்டு வாரேன், அய்யா. இன்னைக்குச் சம்பள நாளு" என்றார். அந்தக் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. வாளியைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்ணில் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. என் கேள்வியில் 'அம்மா' இருந்தது, மரியாதை இல்லை.

"நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். வசதியுள்ளவர்கள் முந்தி உண்டு திருப்தியடைய, இல்லாதவர்கள் பசியோடிருந்த ஒரு சபைக்கு எழுதிய வார்த்தை அது. அந்த வார்த்தை வரும் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனைக்கு முன் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஆனால் தன்னைத்தானே சோதித்தறியச் சொல்லும் 28ஆம் வசனத்தையே அழுத்திப் பேசுவோமே தவிர, காத்திருக்கச் சொல்லும் 33ஆம் வசனம் வரை போவதில்லை. போயிருந்தால், அந்தத் தாயாரிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன்.

மறு ஆண்டு, முதல் பந்திக்கு இலை போடும் முன்பே, பீடிக்கடைக்கும் வயலுக்கும் போய்த் தாமதமாக வருகிறவர்களுக்கென்று குழம்பைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்று கமிட்டியில் கேட்டேன். நேரத்துக்கு வருகிறவர்களுக்குக் குறையுமே என்று சிலர் தயங்கினார்கள். குறைந்தால் என் இலையில் குறையட்டும் என்றேன், ஒப்புக்கொண்டார்கள்.

அதன் பிறகு வீடு சந்திப்பிலும் என் வழக்கம் மாறியது. அடுப்பில் உலை கொதிக்கும் வீட்டில் நீண்ட ஜெபம் செய்வதில்லை. குழந்தையில்லாத தம்பதியரிடம் விசேஷம் உண்டா என்று கேட்பதில்லை. ஆனால் கூம்பு ஒலிபெருக்கி விஷயத்தில் நாங்கள் தாமதித்துத்தான் திருந்தினோம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று, சென்னையிலுள்ள ஒரு சபையைப் பற்றிய வழக்கில், அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் கூறியது. அதற்குப் பிறகும் நாங்கள் விடிகாலை நாலரைக்குப் பாட்டுப் போட்டோம். ஆலயத்தை ஒட்டிய வீட்டில், நள்ளிரவில் கடைசிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து படுக்கும் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவர் வேறு மதத்தவர், ஒரு நாளும் வந்து கேட்டதில்லை. காவலர் வந்து சொன்ன பிறகே கூம்பை இறக்கினோம். அந்த ஓட்டுநரை நினைத்து நாங்களாகவே இறக்கியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் அசனத்தன்று கடைசிப் பந்தி முடியும் வரை நான் உட்காருவதில்லை. பீடிக்கடைத் தெரு தெரிகிற பக்கமாகப் பந்தல் முனையில் நிற்பேன். யாராவது தூக்குவாளியோடு வேகமாக நடந்து வருவது தெரிந்தால், மெதுவாக வரும்படி கையைக் காட்டிவிட்டு, உள்ளே போய் ஓர் இலை போடச் சொல்வேன்.